அந்த ரெண்டு பதக்கமும் யாருக்கு?



மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுத் தம்பிகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்கள். எழுபதுகளில் நம் கல்லூரி கால்பந்தில் சாம்பியன் ஆன கதையை, அந்த அணியில் ஆடியவன் என்ற முறையில் நான் எழுத வேண்டுமாம். விளையாட்டறைக்கு வெளியே தொங்குகிற பலகையில் அந்த வருஷத்துக்கு நேரே சாம்பியன் என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகையை இப்போது புதுசாக எழுதப் போகிறார்கள். அதற்குள் கதையை எழுதி வாங்கிவிடலாம், பெரியவர் எத்தனை நாளோ என்று நினைத்திருப்பார்கள் போல. தப்பில்லை. அந்தப் பதினொரு பேரில் இன்றைக்கு ஆறு பேர்தான் மிச்சம்.

சரி என்றுதான் சொல்லி அனுப்பினேன். ராத்திரி எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்னொரு கல்லூரி மாணவரின் கதையைச் சொல்ல வேண்டும். அவரும் தம் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடியவர்தான். அவர் வாங்கின ரெண்டு பதக்கம் எந்த தேசத்துக் கணக்கில் சேரும் என்ற வழக்கு நூறு வருஷம் தாண்டியும் தீரவில்லை. பெயர் நார்மன் பிரிட்சார்ட்.

இந்தப் பெயரை நான் முதலில் கேட்டது நம் உடற்கல்வி ஆசிரியர் வாயால். நம்ம ஊருக்குத்தான் ரெண்டு மழையும் உண்டே. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. மைதானம் கணுக்கால் சேறாகக் கிடக்கிற நாட்களில் எங்களை வராந்தாவில் வரிசையாக இருத்தி அவர் கதை சொல்லுவார். ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் வாங்கினது யார் என்று ஒரு நாள் கேட்டார். தயான்சந்த் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, 1900-ஆம் வருஷத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

பிரிட்சார்ட் 1875-இல் கல்கத்தாவில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேயர். அந்தக் காலத்தில் கல்கத்தாதான் பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகர். துரைமாரும் வியாபாரிகளும் பட்டாளமும் நிறைந்த ஊர். பையன் படித்தது ஏசு சபைப் பாதிரிமார் 1860-இல் தொடங்கிய செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில். படிப்பில் எப்படியோ தெரியாது, ஓட்டத்தில் அவரை மிஞ்ச வங்காளத்தில் ஆள் இருக்கவில்லை. வங்காள மாகாணத்தின் நூறு கெஜ ஓட்டத்தில் 1894 முதல் 1900 வரை தொடர்ந்து ஏழு வருஷம் அவரே முதல். ஒரு வருஷம் ஜெயிக்கலாம், ரெண்டு வருஷம் ஜெயிக்கலாம். ஏழு வருஷம் வரிசையாக ஜெயிக்க உடம்போடு ஒழுக்கமும் வேண்டும். இன்று ஓடுகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கல்கத்தாவில்தான் கால்பந்தும் வேர் பிடித்துக்கொண்டிருந்தது. பந்து பெரும்பாலும் பட்டாளத்தாரின் பூட்ஸ் காலில் இருந்த காலம். 1892-இல் சோவாபஜார் என்ற வங்காளிகளின் கிளப், டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தது. வெள்ளைக்கார அணி ஒன்றைப் போட்டியில் இந்திய அணி வென்ற முதல் பெரிய செய்தி அதுதான். மறு வருஷம், 1893-இல், இந்தியக் கால்பந்துச் சங்கமான ஐ.எஃப்.ஏ. உருவானது. அதன் கேடயப் போட்டியும் அதே வருஷம் ஆரம்பித்தது. 1911 ஜூலை 29-ஆம் தேதி மோகன் பகான் கிழக்கு யார்க்ஷையர் படைப்பிரிவை 2-1 என்று வென்று அந்தக் கேடயத்தைத் தூக்கிய கதை உங்களுக்குத் தெரியும்.

நம் கதை அதற்குப் பதினாலு வருஷம் முந்தியது. 1897 ஜூலையில் செயின்ட் சேவியர்ஸ் அணி அதே சோவாபஜாருக்கு எதிராக ஆடியது. பிரிட்சார்ட் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். இந்தியாவில் பொதுப்போட்டி ஒன்றில் விழுந்த முதல் ஹாட்ரிக் என்று அதைத்தான் குறித்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்று மைதானத்தைச் சுற்றி நின்ற வங்காளிகளுக்கு அந்த மூன்று கோலும் வெள்ளைக்காரப் பையன் நம் பிள்ளைகளுக்கு எதிராகப் போட்டவை. இன்று நாமே அதை இந்தியக் கால்பந்தின் முதல் ஹாட்ரிக் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கோல் மாறவில்லை, அதைப் பார்க்கிற நாம்தான் மாறியிருக்கிறோம்.

1900-இல் அவர் இங்கிலாந்து போனார். அங்கே ஜூலை மாதம் அமெச்சூர் தடகளச் சங்கத்தின் சாம்பியன்ஷிப்பில் 120 கெஜ தடை ஓட்டத்தில் ஓடி இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் ஆல்வின் கிரேன்ஸ்லைன் என்ற அமெரிக்கர், பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர். அதே கையோடு பிரிட்சார்ட் பாரிசுக்குப் போய் ஒலிம்பிக்கிலும் ஓடினார்.

ஒலிம்பிக் என்றதும் இன்றைய டி.வி. ஒலிம்பிக்கை நினைத்துவிடாதீர்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக் ஒரு உலகப் பொருட்காட்சியின் ஓரமாக நடந்த விளையாட்டு. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை இழுத்தார்கள். தொடக்க விழா கிடையாது. ஒலிம்பிக்கில்தான் ஓடினோம் என்பதே சிலருக்குக் கடைசிவரை தெரியாது. தடகளம் நடந்தது போலோன் காட்டில் ஒரு கிளப்பின் புல்வெளியில். முறையான ஓடுபாதை இல்லை, மேடு பள்ளம், ஓரத்தில் மரங்கள். நம்ம ஊர் அறுவடை முடிந்த வயலில் கோடு போட்டு ஓடுகிற மாதிரிதான் இருந்திருக்கும்.

அந்தப் புல்லில் பிரிட்சார்ட் ஐந்து போட்டிகளில் ஓடினார். 200 மீட்டர் தடை ஓட்டத்தில் கிரேன்ஸ்லைன் 25.4 விநாடியில் முதல், பிரிட்சார்ட் இரண்டாவது. ஜூலை 22-ஆம் தேதி நடந்த 200 மீட்டர் ஓட்டத்தில் வால்டர் டியூக்ஸ்பரி 22.2 விநாடியில் முதல், பிரிட்சார்ட் இரண்டாவது. டியூக்ஸ்பரியும் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்தான். ஆக, பாரிசில் அவரை முந்திய ரெண்டு பேருமே ஒரே பல்கலைக்கழகத்துப் பையன்கள்.

அதே வாரத்தில் நீளம் தாண்டுதலில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்து மேயர் பிரின்ஸ்டைன் தகுதிச் சுற்றில் முன்னணியில் இருந்தார். இறுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை. அவருடையது மெதடிஸ்ட் சபைக் கல்லூரி. ஞாயிறு ஆடக்கூடாது என்பது அங்கே கட்டளை. அவர் ஆடவில்லை, கிரேன்ஸ்லைன் ஆடினார். ஒரே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் கிரேன்ஸ்லைனுக்கு முதலிடம். இத்தனைக்கும் பிரின்ஸ்டைன் யூதர், அவருக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை. அடுத்த வீட்டு விரதத்துக்கு நம்ம வீட்டுச் சோறு போன கதை.

பிரிட்சார்ட் கல்கத்தா திரும்பினார். 1900 முதல் 1902 வரை ஐ.எஃப்.ஏ.வின் செயலாளராக இருந்தார். 1905-இல் இங்கிலாந்துக்கே குடிபோய்விட்டார். அங்கே நாடக மேடை அவரைப் பிடித்துக்கொண்டது. பெயரையும் நார்மன் டிரெவர் என்று மாற்றிக்கொண்டார். பிறகு அமெரிக்கா போய் நியூயார்க்கில் பிராட்வே மேடையிலும், அதன்பின் ஹாலிவுட்டில் மௌனப் படங்களிலும் நடித்தார். 1926-இல் ரொனால்ட் கோல்மன் கதாநாயகனாக நடித்து வந்த போ ஜெஸ்ட் படத்தில் மேஜர் வேஷம் இவருக்கு. ஒலிம்பிக்கில் ஆடிவிட்டு ஹாலிவுட்டில் நடித்த முதல் ஆள் இவரே என்பார்கள். கடைசியில் மூளையில் நோய் கண்டு, 1929 அக்டோபர் முடிகிற நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் காலமானார். வயது ஐம்பத்து நாலு.

மனுஷன் கதை அதோடு முடிந்தது. வழக்கு முடியவில்லை.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் ஏட்டில் அந்த ரெண்டு வெள்ளியும் இந்தியாவின் பெயரில் இருக்கின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை இந்தியா வாங்கியவை 41 பதக்கம் என்று கணக்குச் சொல்கிறார்களே, அந்த 41-இல் இந்த ரெண்டும் சேர்த்திதான். ஆனால் சர்வதேசத் தடகள சம்மேளனம் 2005-இல் வெளியிட்ட புள்ளிவிவரத் தொகுப்பில் அவர் பெயருக்கு நேரே பிரிட்டன் என்று போட்டது. உலக விளையாட்டின் ரெண்டு பெரிய சபைகள், ஒரே ஆள், ரெண்டு தேசம்.

பிரிட்டன் பக்கத்து வாதம் லேசானதல்ல. பெற்றோர் ஆங்கிலேயர். பாரிசுக்குப் போகும் முன் ஓடினது இங்கிலாந்துச் சாம்பியன்ஷிப்பில். லண்டன் தடகளக் கிளப் ஒன்றின் பெயரும் அவரோடு சேர்ந்து வருகிறது. கடைசியில் குடிபோனதும் அங்கேதான். இந்தியா பக்கம் என்ன? பிறந்தது கல்கத்தா, படித்தது கல்கத்தா, ஓடப் பழகியது கல்கத்தா மண். ஏழு வருஷச் சாம்பியன் பட்டம் வங்காளத்துடையது. பதக்கம் வாங்கின பிறகு திரும்பி வந்ததும் இங்கேதான்.

ரெண்டு பக்கமும் கேட்டால் ரெண்டும் நியாயமாகத்தான் படும். எனக்குத் தோன்றுவது வேறு. 1900-இல் அந்தக் கேள்வியே கிடையாது. தேசம் வாரியாக அணி அனுப்பும் ஏற்பாடு அன்று இல்லை. கிளப் பெயரிலோ சொந்தப் பெயரிலோ போய் ஓடினார்கள். டோராப்ஜி டாட்டா முயற்சியில் இந்தியாவிலிருந்து ஒரு அணி ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குப் போனதே 1920-இல்தான். இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927-இல்தான் வந்தது. முதல் மூன்று இடத்துக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று கொடுக்கும் வழக்கம்கூட 1904-இல் செயின்ட் லூயிஸில்தான் தொடங்கியது. ஆக அந்த வெள்ளியும் பின்னால் எழுதினது, அதன் நேரே இருக்கிற தேசமும் பின்னால் எழுதினது. நடந்தது என்னவோ ரெண்டு ஓட்டத்தில் ஒருவர் ரெண்டாவதாக வந்தார் என்பது மட்டும்.

இவர் ஒருவர் மட்டுமல்ல. அதே பாரிசில் மாரத்தான் ஜெயித்த மிஷேல் தேயாத்தோ பிரெஞ்சுக் கிளப்புக்காக ஓடினவர், பிறந்தது லக்சம்பர்க்கில். தங்கம் பிரான்ஸ் கணக்கில் இருக்கிறது. ஸ்டான் ரௌலி என்ற ஆஸ்திரேலியர் குறுகிய ஓட்டங்களில் தம் நாட்டுக்காக வெண்கலம் வாங்கிவிட்டு, 5000 மீட்டர் அணி ஓட்டத்தில் ஆள் போதாமல் பிரிட்டனோடு சேர்ந்து ஓடித் தங்கத்திலும் பங்கு வாங்கினார்.

பின்னால் எழுதுகிற பழக்கத்துக்கு அமெரிக்காக் கல்லூரிகளை மிஞ்ச ஆளில்லை. அங்கே படிக்கிற என் பேரன் போனில் சொல்லி, பிறகு நானும் தேடிப் படித்தேன். அவர்கள் கால்பந்து என்று சொல்வது கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதன் உயர்ந்த பிரிவுக்கு அங்கத்தைய கல்லூரி விளையாட்டுச் சங்கம் தேசிய சாம்பியன் என்று தானே யாருக்கும் பட்டம் கொடுப்பதில்லை. 1936 முதல் பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டுச் சொன்னார்கள், கணக்குப் போடுகிறவர்கள் ஒரு பக்கம் சொன்னார்கள். பார்க் டேவிஸ் என்பவர் 1933-இல் 1869 முதல் வருஷா வருஷம் யார் சாம்பியன் என்று பின்னோக்கிப் பட்டியலே போட்டார். அந்தப் பட்டியலில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு நிறையப் பட்டம். அவர் அந்தப் பிரின்ஸ்டனின் முன்னாள் மாணவர்!

1941-இல் அலபாமா அணி பத்திரிகைப் பட்டியலில் இருபதாவது இடம். முதலிடம் மினசோட்டாவுக்கு. ஆனாலும் 1980-களில் அலபாமா அந்த வருஷத்தையும் தன் சாம்பியன் கணக்கில் சேர்த்துக்கொண்டது, வேறொருவர் போட்ட கணக்கு ஒன்றை ஆதாரமாக வைத்து. 2017-இல் மத்திய புளோரிடா பல்கலைக்கழகம் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. இறுதிச் சுற்றுக்கு அவர்களைக் கூப்பிடவில்லை, பட்டம் அலபாமாவுக்குப் போனது. நாங்களும் சாம்பியன் என்று அவர்களே அறிவித்து ஊர்வலமும் நடத்திவிட்டார்கள். இதற்கெல்லாம் பின்னால் இருந்து ஊக்குவது யார் என்று பேரனிடம் கேட்டேன். பெரும்பாலும் முன்னாள் மாணவர் சங்கத்துக்காரர்கள்தான் தாத்தா என்றான். எனக்குச் சுருக்கென்றது.

இனி நம் பலகைக்கு வருகிறேன்.

அப்போது நம் கல்லூரி மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. அந்த வருஷம் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் இறுதி ஆட்டம் வெளியூரில். எதிரணிக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். இடைவேளைக்கு முன் நாங்கள் ஒன்று, அவர்கள் ஒன்று. இடைவேளைக்குப் பிறகு வானம் கிழிந்த மாதிரி மழை. பத்து நிமிஷம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு கார்னர். பந்து நம் கோலியின் கையில் பட்டு வழுக்கி விழுந்தது. கம்பத்தை ஒட்டி நின்றவன் நான். காலை நீட்டி வெளியே தள்ளினேன். தள்ளும்போது பந்து கோட்டுக்கு உள்ளே ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

கோடு சேற்றில் அழிந்து கிடந்தது. நடுவர் எங்கோ தள்ளி நின்றார், மழை அவர் கண்ணில். ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டம் தொடர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் மழை வலுத்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். மறு ஆட்டம் இல்லை, இரண்டு கல்லூரியும் கூட்டு வெற்றியாளர், கேடயம் ஆளுக்கு ஆறு மாதம் என்று தீர்ப்பு. நாணயம் சுண்டினதில் முதல் ஆறு மாதம் நமக்கு. வடசேரியில் பஸ் இறங்கி, கேடயத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டுமேளத்தோடு கல்லூரிக்கு நடந்து வந்தோம். அடுத்த வாரம் பெயிண்டர் வந்து பலகையில் எழுதினார். கூட்டு என்ற சொல்லுக்குப் பலகையில் இடம் போதவில்லை என்று அப்போது சொன்னார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பிற்காலத்தில் ஒரு வேலையாக அந்த எதிரணிக் கல்லூரிக்குப் போனபோது அவர்கள் பலகையைப் பார்த்தேன். அதே வருஷம், அதே போட்டி, சாம்பியன். அவர்களுக்கும் இடம் போதவில்லை போலும்.

பிரிட்சார்ட் விஷயத்தில் சாட்சி யாரும் உயிரோடு இல்லை. இருக்கிற காகிதத்தை வைத்துக்கொண்டு ரெண்டு தேசமும் வாதாடட்டும், குற்றமில்லை. அவரும் நான் இன்ன தேசத்துக்காரன் என்று பட்டம் கேட்டு யாரிடமும் போய் நின்றதாகத் தெரியவில்லை. நம் பலகை விஷயம் அப்படியில்லை. சாட்சி இருக்கிறான். எழுபது தாண்டி, முட்டுவலியோடு, கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு இருக்கிறான். அவன் இப்போதும் வாயைத் திறக்காமல் போனால், பிறகு எழுதுகிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் உடற்கல்வி ஆசிரியரிடம் இதை நான் சொல்லவே இல்லை. அவர் போய்ப் பல வருஷமாகிறது. அவர் பிரிட்சார்ட் கதையைச் சொன்னது அந்த இறுதி ஆட்டம் முடிந்து அடுத்த மழைக்காலத்தில். எனக்காகத்தான் சொன்னாரோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

என்னோடு ஆடின மற்ற ஐந்து பேருக்கும் போன வாரம் போன் செய்தேன். ரெண்டு பேர் கோபப்பட்டார்கள், அம்பது வருஷம் கழித்து உனக்கு எதுக்கு இந்த வேலை என்று ஏசினார்கள். ஒருவர் அழுதார். ரெண்டு பேர் எழுது மக்கா என்றார்கள். அன்று அந்தக் கார்னரை எடுத்த எதிரணி ஆட்டக்காரர் நம்பரையும் தேடிப் பிடித்தேன். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு என் முட்டுவலிக்கு என்ன மருந்து எடுக்கிறேன் என்று விசாரித்தார். மலர் வந்ததும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னார்.

மலர்க்குழுத் தம்பிகளுக்கு இரண்டு வேண்டுகோள். பலகையைப் புதுசாக எழுதும்போது அந்த வருஷத்துக்கு நேரே கூட்டு வெற்றி, 1-1, மழையால் ஆட்டம் நின்றது என்று எழுதுங்கள். இடம் போதாவிட்டால் பலகையைப் பெரிதாகச் செய்துகொள்ளலாம், செலவு என்னுடையது. என் கால் தள்ளின அந்தப் பந்தைப் பலகையில் எழுத வேண்டாம், நடுவர் கொடுக்காத கோல் அது. அதற்கு இந்தப் பக்கங்கள் போதும்.

இன்னொன்று, அச்சானதும் ஒரு பிரதி எனக்குக் கூடுதலாக வேண்டும். முகவரி எழுதித் தயாராக வைத்திருக்கிறேன்.